ரோஸியின் ஏழு சாட்சிகள்

ரோஸி என் அக்கா. இந்த மூன்று வார்த்தைகளை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டுக் காறித் துப்ப நினைக்கிறவர்கள் தாராளமாகத் துப்பலாம். எனக்கு முன்னால் யாரும் துப்பிவிட முடியாது.

எங்கள் ஊர் ஆவடி ரயிலடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கிறது. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஊர்க்காரர்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள். நான் சொன்னது பொய் என்பதற்காக அல்ல, வெளியில் சொல்லிவிட்டேன் என்பதற்காக. ஊரில் ஒரு மாதா கோவில் உண்டு. அதற்குள் நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மரக்கிராதி. வலப்பக்கம் எங்களைப் போன்ற முதலியார், பிள்ளை வீட்டுக் கிறிஸ்தவர்கள். இடப்பக்கம் சேரிக் கிறிஸ்தவர்கள். நற்கருணை வாங்குவதற்குக்கூட நாங்கள் போய்த் திரும்பிய பிறகுதான் அவர்கள் எழுந்திருக்க வேண்டும். ஒரே ஆண்டவரை இரண்டு பந்தி வைத்துப் பரிமாறினோம். யாருக்கும் குமட்டவில்லை. எனக்கும் அப்போது குமட்டவில்லை.

எங்கள் அப்பா சவரிராய முதலியார், பூந்தமல்லி ராணுவக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். நாங்கள் மூன்று பேர். பெரியண்ணன் எட்மண்ட், அடுத்தது ரோஸி, கடைசியில் டேவிட் என்கிற நான். ரோஸியை எட்டு வயதில் புதுச்சேரிக் கன்னியர் மடத்துப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார் அப்பா. ஆறு வருஷம் அங்கே இருந்து பிரெஞ்சு பேச, படிக்க, எழுதக் கற்றுக்கொண்டு வந்தாள். பெரிய யுத்தம் முடிந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்ததே, அதில் அப்பா போனார். அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள். அதில் கடைசி மூன்று வருஷம் பாரிச வாயுவில் படுக்கை. அந்த மூன்று வருஷமும் அவளைத் தூக்கி, துடைத்து, சோறு ஊட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டுத் திருப்பிப் படுக்க வைத்தவள் ரோஸி. இதை யாரும் மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மறந்தோம்.

ரோஸிக்கு இருபது வயதில் கல்யாணம். இருபத்தொன்றில் புருஷன் டைபாய்டு கண்டு இறந்தான். வீட்டுக்கு வந்தவளுக்கு வெள்ளைச் சேலை கொடுத்து, அடுப்படிக்குப் பின்னால் இருந்த அறையைக் காட்டினார்கள். கல்யாணம், ஞானஸ்நானம், புதுமனை என்று எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் வரக் கூடாது. வேதத்தில் வெள்ளைச் சேலை எந்த அதிகாரத்தில் வருகிறது என்று ஒரு தடவை கேட்டாள். எட்மண்டின் மனைவி ஞானகுமாரி அண்ணி பதில் சொன்னாள்.

"அதெல்லாம் கேக்கக் கூடாது. கலர் சேலை கட்டிகினு சுத்தறதுக்கு நாம இன்னா சேரிக்காரங்களா?"

அக்கா அப்புறம் கேட்கவில்லை. ஊர்ப் பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனாள், வந்தாள். இருபத்தாறு வயதுக்குள் அவள் முகத்தில் ஒரு கிழட்டுக் களை வந்துவிட்டது. பார்க்கச் சகிக்காது. நாங்கள் பார்க்காமல் இருந்துகொண்டோம்.

1929-இல் அவளுடைய புதுச்சேரிப் பள்ளித்தோழி ஒருத்தி சைகோனிலிருந்து கடிதம் எழுதினாள். அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலை இருக்கிறது. தமிழும் பிரெஞ்சும் தெரிந்தவள் வேண்டும். பிரெஞ்சுப் பிரஜையாக இருந்தால்தான் எடுப்பார்கள். அக்கா அந்தக் கடிதத்தை எட்டாக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் பொறுத்துச் சாப்பாட்டு வேளையில் எட்மண்டிடம் சொன்னாள்.

"அண்ணே, நம்ம தாத்தா பிரெஞ்சுக்காரருன்னு சொல்லுவீங்க இல்ல. அந்தக் காகிதத்த வரவழைக்கலாம்னு பாக்கறேன்."

தாத்தா பிரெஞ்சுக்காரர் என்பது எங்கள் வீட்டுப் பெருமை. வெள்ளைக்காரர் என்று அர்த்தமில்லை. புதுச்சேரியில் 1881-இல் ஒரு சட்டம் வந்தது. சாதி வழக்கம், இந்து முறை, அதன்படியான உரிமை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று ஒருவன் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால், அவனும் அவன் மனைவியும் மைனர் பிள்ளைகளும் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். புதிதாக ஒரு குடும்பப் பேரும் வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவர்களை ரெனோன்சான் என்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே போய்ப் பிறந்தாலும் பிரெஞ்சுப் பிரஜைகள். எங்கள் தாத்தா மதலைமுத்து அப்படிக் கையெழுத்துப் போட்டு லெக்ளேர் என்று பேர் வைத்துக்கொண்டவர். அவர் கவர்னர் மாளிகையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷாக இருந்தார் என்று எட்மண்ட் கல்யாணப் பந்தியில் பேசி நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

அதே எட்மண்ட் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். "அதெல்லாம் வேணாம்" என்றான்.

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம். பொம்பள தனியா கப்பலேறிப் போறதா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

அக்கா வாதாடவில்லை. அவளே உட்கார்ந்து பிரெஞ்சில் மனு எழுதிப் புதுச்சேரிக்கு அனுப்பினாள். தபாலில் போட்டது நான்தான். அக்காவுக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

நாலு மாதம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. நானும் எட்மண்டும் அண்ணியும் இருந்தோம். எனக்கு முத்தாபுதுப்பேட்டையில் ராணி என்ற பெண்ணை நிச்சயம் செய்து, வெற்றிலை பாக்கு மாற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா உறையைப் பிரித்து நின்றபடியே தமிழில் படித்துச் சொல்லத் தொடங்கினாள். குரலில் அப்படி ஒரு தெம்பு. அவளுடைய அந்தக் குரலை நான் ஆறு வருஷமாகக் கேட்டதில்லை.

மதலைமுத்து, வயது நாற்பது, மனைவியோடும் சவரிராயன் என்ற எட்டு வயது மகனோடும் சாதி முறையைத் துறந்து லெக்ளேர் என்ற பேரை எடுத்துக்கொண்டார். தேதி, கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறி, அதிகாரியின் முத்திரை. துபாஷுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா என்று எனக்கு அப்போதே இடித்தது. அடுத்த வரியில் அது தீர்ந்தது. தொழில், குதிரைலாயத்தில் வேலை.

கூடவே தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவின் நகலும் இருந்தது. பிறந்த இடம் என்று எங்கள் ஊர்ப் பேர் போட்டு, அதற்குப் பக்கத்தில் சேரி என்று எழுதியிருந்தது. சாதி என்ற இடத்தில் வலங்கை என்று இருந்தது. புதுச்சேரிக் காகிதங்களில் சேரிக்காரர்களைக் குறிக்க எழுதும் பேர் அது. கிராதிக்கு இடப்பக்கம்.

அண்ணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அதுதான் முதலில் நடந்தது. அக்கா காகிதத்தை இன்னொரு தடவை படித்தாள், வாய்க்குள்.

நான் எட்மண்டைப் பார்த்தேன். அவன் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. கடன்காரன் வந்துவிட்டான் என்பது போன்ற ஒரு எரிச்சல்தான் இருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நைனா சாவறப்போ சொல்லிட்டுத்தான் போனாரு" என்றான். "அதுக்குத்தான் வேணாம்னு தலபாடா அடிச்சிகினேன். கேட்டாளா இவ?"

அப்பா இருபது வயதில் புதுச்சேரியை விட்டு இங்கே வந்து, லெக்ளேரை உதறிவிட்டு முதலியார் என்று ஒட்டிக்கொண்டு, கிராதிக்கு வலப்பக்கம் போய் முழங்கால் போட்டிருக்கிறார். வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஒரு நிஜ முதலியார் வீட்டுப் பெண்ணை, எங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம். இதில் எனக்கு அப்பாமேல் அருவருப்பு இல்லை. எங்களை மாதிரி ஆட்கள் இருக்கிற ஊரில் அவர் வேறு என்ன செய்வார். எனக்கு அருவருப்பு அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

"கிழிச்சு அடுப்புல போடு" என்றாள் அண்ணி. "டேவிட்டு கல்யாணம் இருக்குது. முத்தாபுதுப்பேட்டைக்காரங்களுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

அக்கா காகிதங்களை உறைக்குள் வைத்து, உறையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இதுல என் பேரு வரணும். அது வரைக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள்.

பேர் வருவதற்கு ஒரு தடை இருந்தது. அக்கா பிறந்த வருஷத்து ஞானஸ்நானப் புத்தகம் எங்கள் கோவிலில் இல்லை. கரையான் தின்றுவிட்டது. பிறப்புக்குப் பதிவு இல்லாவிட்டால் ஏழு சாட்சிகள் நீதிபதி முன்னால் வந்து, இவள் இன்னாருடைய மகள் என்று சத்தியம் செய்ய வேண்டும். அதில் இரண்டு பேராவது அவள் வளர்ந்த வீட்டு ஆட்களாக இருக்க வேண்டும் என்று புதுச்சேரிக் கோர்ட்டு எழுத்தர் குறிப்பு அனுப்பியிருந்தார்.

மறுநாள் பள்ளி விட்டதும் அக்கா சேரிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொண்டேன். யார் யார் பார்க்கிறார்கள் என்று கவனிக்கத்தான் போனேன். அவள் நேராகத் துலுக்கானம் வீட்டு வாசலில் போய் நின்றாள். துலுக்கானம் ஆவடி ரயிலடியிலிருந்து எங்கள் ஊருக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவர். அறுபதை நெருங்கிய ஆள். நாங்கள் பிறந்ததிலிருந்து அவருடைய வண்டியில்தான் போய்வருகிறோம். அக்கா மதலைமுத்து என்ற பேரைச் சொன்னதும் அவர் மாட்டுக்கு வைக்க எடுத்த வைக்கோலைக் கீழே போட்டார்.

"ஆரு சொன்னது, டீச்சரம்மா?"

"காகிதம் வந்திருக்குது."

"எங்கப்பனும் உங்க பாட்டனும் கூடப்பொறந்தவங்க" என்றார். "உங்க நைனா மொத மொதல்ல இந்த ஊருக்கு வந்தப்போ என்னாண்டதான் வந்தாரு. துலுக்கானம், நான் ஆருன்னு உன்னோட இருக்கட்டும்னாரு. கைமேல அடிச்சுக் குடுத்தேன். அத்தோட சரி. அவரும் கேக்கல, நானும் சொல்லல."

"இத்தினி வருசமா எங்கள ஏத்திகினு போனீங்களே. ஒரு நாளாச்சும் சொல்லணும்னு தோணலியா?"

"சொல்லி இன்னா ஆவப்போது? உங்க அண்ணாரு என் வண்டில ஏறுனா ஊட்லேர்ந்து ஒரு சாக்கு எடுத்துகினு வந்து, அத விரிச்சு அதும்மேலதான் குந்துவாரு. நான் பெரியப்பன் மொறைன்னு சொன்னா சாக்க எடுத்துடுவாரா?"

அந்தச் சாக்கை நானும் விரித்திருக்கிறேன். அந்த இடத்தில் நிற்க முடியாமல் வேலி ஓரமாக நகர்ந்துகொண்டேன். அக்கா நகரவில்லை. "பெரியப்பா, எனக்குச் சாட்சி சொல்ல வருவீங்களா?" என்று கேட்டாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யோசிக்கக்கூட இல்லை. தானும் தன் தம்பி மக்கள் நான்கு பேரும் வருவதாகச் சொன்னார். ஐந்து பேர் கூலியை விட்டுவிட்டு, ரயிலேறி, ஒரு விதவைக்காகக் கோர்ட்டில் நிற்கச் சம்மதித்தார்கள். இத்தனை வருஷம் அவர்களுக்கு நாங்கள் செய்தது சாக்கு விரித்தது.

மிச்சம் இரண்டு பேர். நானும் எட்மண்டும்.

அக்கா எட்மண்டின் காலில் விழுந்து கேட்டாள். "பின் ரூம்லயே செத்துப் போவேன் அண்ணே. என்னை விட்டுடுங்க. நான் போனா உங்களுக்கும் ஒரு பாரம் கொறையும்" என்றாள். எட்மண்ட் காலை இழுத்துக்கொண்டு எழுந்து போனான். என்னிடம் வந்தாள். "நீ ஒருத்தனாச்சும் வா, டேவிட்" என்றாள். கல்யாணம் முடியட்டும் அக்கா என்றேன். கல்யாணம் ஆகஸ்டில். கோர்ட்டுத் தேதி ஜூலையில். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தேதிக்கு ஐந்து நாள் முன்னால் எட்மண்ட் என்னைக் கோவில்பதாகைப் பக்கம் எங்கள் குத்தகை நிலத்துக்குக் கூட்டிப் போனான். வரப்பில் நின்று, யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, யோசித்துக் கண்டுபிடித்த வழியைச் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. கணக்கு போட்டு விடை வந்த பள்ளிப்பையனுடைய சந்தோஷம்.

"நாம போய்ச் சாட்சி சொல்லலன்னா, அவ ஊர் பூரா தாத்தா கதைய அவுத்து உட்ருவா" என்றான். அக்கா அப்படி ஒரு தடவைகூட மிரட்டியதில்லை. "அதனால போவோம். போய் இப்டி சொல்லுவோம்."

அவன் சொன்னதை முழுக்கக் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ராணியை நிச்சயதார்த்தத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அந்த ஒரு தடவைக்காகவா என்று கேட்டால் அதுவும் இல்லை. கிராதிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார எனக்குப் பயம். அவ்வளவுதான். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

புதுச்சேரிக்கு அக்கா துலுக்கானத்தோடும் மற்ற நான்கு பேரோடும் முதல் நாளே போய்விட்டாள். நாங்கள் இருவரும் மறுநாள் காலை கோர்ட்டுக்குள் நுழைந்தோம். எங்களைப் பார்த்ததும் அக்கா எழுந்து ஓடிவந்தாள். எட்மண்டின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வந்துட்டியே அண்ணே, வந்துட்டியே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். சின்ன வயதில் அவனை ஒருமையில்தான் பேசுவாள். கல்யாணத்துக்குப் பிறகு நிறுத்தியிருந்தாள். எட்மண்ட் கையை உருவிக்கொண்டான்.

நீதிபதி வெள்ளைக்காரர். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். துலுக்கானமும் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, இவள் மதலைமுத்து லெக்ளேரின் மகன் சவரிராயனுடைய மகள் என்று சொன்னார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். அடுத்து எட்மண்ட் சிலுவைமேல் கை வைத்தான்.

"இவங்க சொன்னது சரிதாங்க" என்று ஆரம்பித்தான். "சவரிராயன்னு ஒருத்தர் எங்க அப்பா கிட்ட டிப்போவுல வேலை செஞ்சாருங்க. எங்க அப்பா பேரும் சவரிராயர்தாங்க, ஆனா எங்க அப்பா வேற, முதலியாரு. அந்தச் சவரிராயனும் அவர் சம்சாரம் கன்னியம்மாவும் காலரா வந்து செத்துட்டாங்க. அப்போ இந்தப் பொண்ணுக்கு ஆறு மாசம். அனாதையா உடக் கூடாதுன்னு எங்க அப்பா எடுத்தாந்து வளத்தாருங்க. மத்தபடி எங்க குடும்பத்துக்கும் இந்தப் பொண்ணுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாதுங்க."

ஒரே அப்பாவை இரண்டாக வெட்டினோம். சேரியில் பிறந்தவரை அவளுக்குக் கொடுத்துவிட்டு, முதலியாரை எங்களுக்கு வைத்துக்கொண்டோம். அவளுக்கு அம்மா வேண்டுமே என்று ஒரு அம்மாவையும் உண்டுபண்ணிக் கொடுத்தோம்.

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் சொன்னார். அக்காவுக்கு இரண்டு பாஷையும் தெரியும். அதனால் அவள் அதை இரண்டு தடவை கேட்டாள். துலுக்கானம் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பாமலே கையைத் தாழ்த்திக் காட்டினாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து என்னைக் கேட்டார்கள். அண்ணன் சொன்னதெல்லாம் உண்மையா என்று. "உண்மைதாங்க" என்றேன். ஒரு வார்த்தை. அதற்கு மேல் என்னை யாரும் கேட்கவில்லை.

நீதிபதி அக்காவைப் பார்த்தார். இந்தச் சாட்சியத்தில் ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். அவள் உண்டு என்று சொல்லியிருந்தால் நாங்கள் இருவரும் பொய்ச்சாட்சி. சாட்சி ஐந்தாகக் குறையும், மனு தள்ளுபடி ஆகும், அவள் அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் அறைக்குத் திரும்ப வேண்டும். எட்மண்ட் இதையெல்லாம் வரப்பில் நின்றே யோசித்துவிட்டான். அக்கா எங்கள் இருவரையும் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரெஞ்சில், இல்லை ஐயா என்றாள்.

அந்தக் காகிதத்தில் அவள் பேர் வந்தது. ரோஸி லெக்ளேர். தகப்பன் சவரிராயன் லெக்ளேர். தாய் கன்னியம்மா. முத்திரை குத்தினார்கள். பிரெஞ்சுப் பிரஜை.

கோர்ட்டுப் படியில் இறங்கும்போது துலுக்கானம் எட்மண்டின் முன்னால் வந்து நின்றார்.

"பெரிய மொதலியாரே, ஒன்னு கேட்டுக்கறேன். உங்கப்பாரு ஆரு?"

எட்மண்ட் அவரைச் சுற்றிக்கொண்டு போய் ரிக்‌ஷாவில் ஏறினான். நானும் ஏறப் போனேன். அக்கா என் சட்டைக்கையைப் பிடித்தாள். அழவில்லை. கோபமாகவும் இல்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

"டேவிட், கன்னியம்மா யாரு?"

நான் ரிக்‌ஷாவைப் பார்த்தேன்.

"அம்மாவோட முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டனே மூணு வருசம். அது யாருக்குப் போட்டேன்? நைனாவத்தான் வெட்டணும்னா வெட்டுங்க. அம்மா உங்கள இன்னா பண்ணா?"

எட்மண்ட் ரிக்‌ஷாவிலிருந்து கூப்பிட்டான். சட்டையை விடுவித்துக்கொண்டு போய் ஏறினேன்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கப்பல் கிடைக்கிறவரை ஐந்து வாரம் துலுக்கானம் வீட்டில் இருந்தாள். கோர்ட்டில் சொன்ன கதையையே எட்மண்ட் ஊரிலும் சொன்னான். ரோஸி சேரிக்குழந்தை, அப்பா இரக்கப்பட்டு வளர்த்தார் என்று. ஊர் அதை அப்படியே விழுங்கியது. அதுதான் அவள் முகத்திலேயே தெரிகிறதே என்று சொன்னவர்களும் உண்டு. எங்கள் அப்பாவின் தயாள குணத்தைச் சாமியார் பிரசங்கத்தில் புகழ்ந்தார். நான் தலைகுனிந்து கேட்டேன். அடக்கத்தால் என்று எண்ணிக்கொண்டார்கள். அந்த ஐந்து வாரத்துக்குள்தான் என் கல்யாணம் நடந்தது. அக்காவைக் கூப்பிடவில்லை. வளர்த்த பெண்ணைக்கூடவா கூப்பிடவில்லை என்று ராணியின் அப்பா மட்டும் கேட்டார். விதவை அல்லவா என்று அண்ணி பதில் சொன்னாள்.

அவள் ஊரை விட்டுப் போன அன்று ஆவடி ரயிலடிக்குப் போனேன். கிட்டே போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். துலுக்கானத்தின் வண்டி வந்தது. அக்கா வெளிர்நீலச் சேலை கட்டியிருந்தாள். சேரிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். யாரோ அவள் தலையில் பூ வைத்துவிட்டார்கள். அவள் சிரித்தாள். ரயில் போன பிறகும் துலுக்கானம் வண்டியைத் திருப்பாமல் வெகுநேரம் நின்றிருந்தார். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவர் வண்டியில் ஏற எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு வருஷம் வரை ஒரு தகவலும் இல்லை. அடுத்த வருஷம் அக்டோபரில் சைகோன் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. என் பேருக்குத்தான். எட்மண்ட் முன்னால்தான் பிரித்தேன். நாலே வரி. அதை மனப்பாடமாகச் சொல்வேன்.

"மகாராஜராஜஸ்ரீ டேவிட் முதலியார் அவர்களுக்கு ரோஸி லெக்ளேர் எழுதிக்கொள்வது. நான் சுகமாக வேலை பார்த்து வருகிறேன். வருகிற கல்லறைத் திருநாளன்று உங்கள் தாயார் கல்லறையில் என் பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தால் மிகவும் நன்றியுள்ளவளாக இருப்பேன். உங்கள் குடும்பத்தாருக்கு ஆட்சேபம் இல்லாவிட்டால் மட்டும்."

எட்மண்ட் கடிதத்தை வாங்கிப் படித்தான். "மரியாதையாத்தான் எழுதிக்கீறா" என்றான். "ஏத்தினா ஏத்திட்டுப் போ. அந்தப் பொண்ணும் நம்ம ஊட்டு சோறு துன்னு வளந்ததுதானே."

கல்லறைத் திருநாளன்று, உடம்புக்கு முடியாத ராணியைத் தவிர, எல்லோரும் போனோம். அம்மாவின் கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். நான் மட்டும் இரண்டு ஏற்றினேன். அதைப் பார்த்த ராணியின் அப்பா, இரண்டாவது யார் பேருக்கு மாப்பிள்ளை என்று கேட்டார். அம்மாவின் பேர் வெட்டிய கல் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சுற்றிலும் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். என் அக்கா பேருக்கு என்று சொல்ல எனக்கு மூன்று வார்த்தைதான் வேண்டியிருந்தது.

"ராணி பேருக்கு மாமா" என்றேன்.